கணக்கு வாத்தியாரைத் தேடிய குழு

எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் செல்வி பக்கத்து ஈஜிபுரா பகுதியில் இருக்கிறார். அவர் மகள் பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தவறிவிட்டாள். அதே தெருவில் இன்னும் நான்கு பெண்களுக்கும் அதே நிலைமை.

"யாராவது சொல்லிக் குடுப்பாங்களா சார்?" என்று போன மாதம் கேட்டார்.

உடனே என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியர்களைத் திரட்டி ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். சமூக மாற்றத்துக்கான கூட்டமைப்பு என்று பெயர். சின்னம் வரைந்தாயிற்று. மூன்று துணைக்குழுக்கள் அமைத்தாயிற்று. தினமும் காலை எல்லோரும் 'உள்ளேன் ஐயா' போட வேண்டும் என்று விதியும் வைத்தேன். பழக்கதோஷம்.

இன்று சிவாஜிநகர் பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்து செல்வி திரும்பினார்.

"ஆள் கிடைச்சாச்சா சார்?"

"நெட்வொர்க் ரெடி ஆயிட்டே இருக்கும்மா."

"இடம் நான் பார்த்துட்டேன் சார். சர்ச் ஹால்ல சாயங்காலம் ஒரு மணி நேரம் தர்றாங்க. டைலர் அக்கா போர்டு குடுத்தாங்க. பொண்ணுங்களைக் கூட்டிட்டு வர ஆட்டோக்கார அண்ணன் ஒத்துக்கிட்டாரு. வாத்தியார் மட்டும்தான் பாக்கி."

பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"நீங்க ஸ்கூல்ல என்ன சார் எடுத்தீங்க?"

"கணக்கு," என்றேன்.

கண்டக்டர் என்னையே பார்த்தார்.

"நாளைக்கு ஆறு மணி சார். லேட் பண்ணாதீங்க," என்றார் செல்வி.

நானே பாடம் எடுக்கப் போவதாக வீட்டுக்கு வந்ததும் குழுவில் தெரிவித்தேன். இதற்கு எந்தத் துணைக்குழு ஒப்புதல் கொடுத்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன பதில் போடலாம், சொல்லுங்கள்.