நைரியின் மஞ்சள் அட்டை

எட்டு விநாடிக்கு ஓர் ஆடு. தோலுரித்த உடல் கொக்கியில் தொங்கியபடி வந்து நைரியின் முன்னால் ஒரு கணம் ஆடி நிற்கும். இடது கை தோளடியில் அழுத்தும், பிறகு தொடையிடுக்கில். விரலடியில் வீங்கின கழலை ஏதாவது உருண்டால் வலது கைக் கத்தி அந்த இடத்தில் ஒரு கீறல் போடும். உள்ளே சுத்தம் என்றால் ஆடு போய்விடும். சந்தேகம் என்றால், இடுப்பில் தொங்கும் கட்டிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை உருவி, நூலால் இரட்டை முடிச்சுப் போட்டு, உடலை ஓரக் கம்பிக்குத் தள்ளிவிடுவாள். ஓரக் கம்பிக்குப் போனது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. பெரிய ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை அங்கேயே தொங்க வேண்டியதுதான்.

உலகின் தென்கோடி ஊர்களில் ஒன்றான இன்வர்கார்கிலுக்கு வெளியே இருக்கும் இறைச்சி ஆலையில் முப்பத்தோரு வருடமாக இதுதான் அவள் வேலை. வயது ஐம்பத்தெட்டு. குட்டையான, அகன்ற உடம்பு. ஆலை இரைச்சலில் ஒரு காது பாதி போய்விட்டது. வரிசையில் அடுத்த இடத்தில் நின்று ஈரல் பார்க்கிற ரேவி, புதிதாக வருகிறவர்களுக்கு அவளை இப்படித்தான் அறிமுகம் செய்வான்: "அக்கா கைக்குக் கண்ணு இருக்கு. அது பார்க்கலைன்னா பொறந்த குழந்தையைக்கூட நம்ப மாட்டாங்க."

மற்றவர்கள் கையைக் கழுவும்போது வேலையையும் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நைரி கூடவே கொண்டு போவாள், கோட்டுப் பையில் மீந்த அட்டைகள் உட்பட. வீட்டில் அவளுடைய ஓரக் கம்பி சமையலறை ஜன்னல் கட்டை. புது டோஸ்டர் பதினொரு நாள் அங்கே அட்டையோடு உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டுக்காரி ஆசையாகக் கொடுத்த பிளம் ஜாம் மூன்று வாரம் இருந்தது. மூடியைக் காதோடு வைத்துத் திறந்து, அது சரியான சத்தம் போட்ட பிறகுதான் கரண்டி உள்ளே போனது. செத்துப்போன புருஷனையும் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் ஓரக் கம்பியில்தான் வைத்திருந்ததாக அவளே சொல்வாள். அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டாராம்.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், பதினாறு வயதிலிருந்து புகைக்கிற புகையிலையை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. பையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, தெற்குக் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருக்கும்போதே ஒரே கையால் தாளில் உருட்டி, நாக்கால் ஒட்டிப் பற்ற வைத்துவிடுவாள். எங்கே கீறிப் பார்க்க வேண்டுமோ அங்கே கத்தியை உறையில் போட்டுவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றும். நமக்கெல்லாம் அப்படி ஒரு இடம் இருக்கத்தான் செய்கிறது.

அவளுடைய இடது இடுப்பு மூட்டு தேய்ந்து மூன்று வருடமாகிறது. ஒரு காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்க் குழாயில் முட்டுக்கொடுத்துத்தான் இப்போது வரிசையில் நிற்கிறாள். மேற்பார்வையாளர் இரண்டு தடவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, உட்கார்ந்து காகிதத்தில் முத்திரை குத்துகிற வேலை ஒன்று காலியாக இருப்பதாக நைச்சியமாகச் சொல்லிவிட்டார். நைரிக்கு அது பாதிச் சாவு. இடுப்பு போனால் வரிசை போகும், வரிசை போனால் அந்தக் கைக்கு என்ன வேலை?

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனைக் கடிதம் வந்தது. புது மூட்டு வைக்க முறை வந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்திய சோதனை நாளன்று, ஆறு வாரமாகப் புகையே இல்லாமல் இருந்திருக்க வேண்டும். அங்கே ஒரு கருவியில் ஊதச் சொல்வார்கள். புகைத்திருந்தால் பெயர் பட்டியலின் அடிக்குப் போகும். சோதனை நாளுக்கு ஆறு வாரத்துக்கு மேல் நான்கே நாள் பாக்கி. ரேவி போன வருடம் சின்னதாக ஒரு வேப், அதாவது மின்சிகரெட், வாங்கித்தான் சிகரெட்டை விட்டான். அதில் வருவது புகையில்லை, ஆவிதான், ஊதுகிற கருவியில் அது காட்டாது என்று சொல்லி, அதே மாதிரி ஒன்று வாங்கச் சொன்னான். அன்று மாலையே அவள் கடைக்குப் போனாள்.

பதினெட்டு வயதாகாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. அதுவே அவளுக்கு உதைத்தது. நல்ல சரக்கு விற்கிறவன் கதவிலேயே ஏன் மிரட்டுகிறான்? உள்ளே லாக்லன் என்கிற தாடிக்காரன் ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். ஆரம்பிக்கிறவர்களுக்கான செட், இருபத்தொன்பது டாலர். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு கருவி, சொருகிக்கொள்ள இரண்டு குப்பி, அதில் ஊற்ற ஒரு சின்னப் புட்டியில் திரவம், சார்ஜ் செய்ய ஒரு ஒயர், எறும்பெழுத்தில் ஒரு விளக்கத்தாள். இவ்வளவு சின்னதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று கேட்டாள். அப்புறம் விலைக்கு வந்தாள்.

"ஏன் இவ்வளவு மலிவு? என்ன கொறை இதுல?"

"கொறையெல்லாம் இல்லம்மா. ஒசத்தியானதுல திரை இருக்கும், பட்டன் இருக்கும், லைட்டு டான்ஸ் ஆடும். உங்களுக்கு அதெல்லாம் எதுக்கு? இழுத்தா வரும், விட்டா நிக்கும், அவ்வளவுதான்."

"ஒடம்புக்கு நல்லதுன்னு அடுத்து சொல்லுவியே."

"சொல்ல மாட்டேன். சிகரெட்டை விடறதுக்குன்னா எடுத்துக்கோங்க. சிகரெட்டே குடிக்காதவங்க வந்து கேட்டா, வேணாம்னுதான் சொல்லுவேன்."

நைரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ரொம்ப நல்லவனா இருக்கியே, அதான் எனக்குப் பிடிக்கல," என்று சொல்லிவிட்டு வாங்கினாள்.

சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்துச் சோதனை தொடங்கியது. ஆட்டுக்குச் செய்கிற அதே வரிசை: பார், அழுத்து, முகர்ந்து பார், கீறு. உலோக உடம்பில் பிசிறு இல்லை. குப்பி காந்தத்தில் 'டக்' என்று உட்கார்ந்தது, ஆட்டிப் பார்த்தால் மயிரிழை அசைந்தது. மேசையிலிருந்து தள்ளிவிட்டாள், விழுந்து எழுந்து மறுபடி விளக்கைக் காட்டியது. சார்ஜ் ஏற அரை மணி என்று தாள் சொன்னது, சுவர்க் கடிகாரம் ஐம்பது நிமிடம் என்றது. அந்த இருபது நிமிடப் பொய்யைக் கண்டுபிடித்ததில் அவளுக்கு ஏற்பட்ட திருப்தியைச் சொல்லி முடியாது. கடைசியில் பழக்கதோஷம், ஒரு குப்பியைக் கத்தியால் நெடுக்காகக் கீறிவிட்டாள். உள்ளே ஒரு துளி வெள்ளைப் பஞ்சும் தலைமுடிபோல ஒரு கம்பிச் சுருளும் இருந்தன. சுத்தமாகத்தான் இருந்தன. ஆனால் கீறின ஆடு விலைக்குப் போகும், கீறின குப்பி குப்பைக்குத்தான் போகும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மிச்சமிருந்த குப்பியில் திரவத்தை ஊற்றி, ஒரு பகல் முழுக்கத் தலைகீழாக நிறுத்தி வைத்தாள். செய்தித்தாளில் உளுந்தளவுக்கு ஈரம். போதாதா? மஞ்சள் அட்டை ஏறியது. வேப் ஜன்னல் கட்டைக்குப் போனது. நைரி ஆற அமர யோசிப்பதற்காகப் பின்கதவைத் திறந்துகொண்டு போய் ஒரு சிகரெட்டை உருட்டினாள்.

அதுதான் நடந்துகொண்டே இருந்தது. மறுநாள் இன்னும் ஒரு சோதனை, அதன் பிறகு ஒரு சிகரெட். ஆறு வாரம் தொடங்க வேண்டிய நாள் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டது. கேட்டவர்களிடமெல்லாம், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவசரப்பட்டு எதையும் பாஸ் பண்ணக் கூடாது என்றாள். ஏமாந்த சோணகிரி ஆகிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு குறி. ஏமாற்றுகிறவர் யார் என்பதைத்தான் பார்க்கவில்லை.

பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ரேவி அவன் மனைவி சுட்ட சீஸ் ரோல் ஒரு தட்டு கொண்டுவந்தான். அடுப்பில் சூடு பண்ணலாம் என்று போனவன் ஜன்னலைப் பார்த்துவிட்டான். அட்டையைத் திருப்பிப் பார்த்தான், தேதி போட்டிருந்தது. தட்டை அடுப்பருகிலேயே வைத்துவிட்டுத் திரும்பினான்.

"அக்கா, எந்த ஆட்டையாவது நீ பதினஞ்சு நாள் தொங்க விட்டிருக்கியா?"

"ஒழுகுதுடா அது."

"ஒழுகட்டும். படுக்கப் போடாம நிமுத்தி வை, ஒழுகாது. என்னோடதும் அப்படித்தான்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "அது கெட்டுப்போனதா இருக்கும்னு நீ பயப்படல. நல்லா இருந்துட்டா என்ன பண்றதுன்னுதான் பயப்படறே. நல்லா இருந்தா அந்தப் புகையிலைப் பையை விடணுமே."

நைரி அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். வீட்டுக்குள் ஷூவோடு வந்ததற்கு, ரோலில் வெங்காயம் குறைவாக இருந்ததற்கு, பத்து வருடத்துக்கு முன் அவன் கோட்டைவிட்ட ஓர் ஈரலுக்கு. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அவன் கார் தெருமுனை திரும்பும்வரை அவள் ஜன்னலோரம் நின்றாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே வேப்பிலிருந்து அட்டையை அவிழ்த்துப் புகையிலைப் பையில் கட்டி, பையை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

முதல் இழுப்பில் இருமினாள். இரண்டாவதில் குப்பிக்குள் சுண்டைக்காய் வதங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. புகையிலை வாசனை என்று புட்டியில் போட்டிருந்தது. ஈரமான அட்டைப் பெட்டிக்குச் சர்க்கரை போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். ஆனால் தொண்டையில் பிடிக்க வேண்டியது பிடித்தது. பின்கதவுப் பக்கம் போகிற கால் நடுவழியில் நின்றது. அடங்காதது கைதான். டீ நேரத்தில் மேசையடியில் அந்த விரல்கள் ஒன்றுமில்லாததை உருட்டிக்கொண்டிருக்கும். ரேவி பார்ப்பான், பார்க்காத மாதிரி ரொட்டியைக் கடிப்பான்.

சந்தேகம் மட்டும் போகவில்லை. தினமும் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோட்டுப் பையில் நிமிர்த்தியே வைப்பதற்கு உள்ளே ஒரு துணிக்குழாய் தைத்துக்கொண்டாள். விளக்கு பச்சை காட்டினால் இரண்டு தடவை ஒயரைக் கழற்றி மாட்டி அதுவேதானா என்று பார்த்தாள். மூன்றாம் வாரம் ஆலையில் இன்னும் இரண்டு பேர் அவளிடம் வந்து, வாங்கலாமா என்று கேட்டார்கள். நைரி பாஸ் பண்ணினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது அங்கே எழுதாத சட்டம்.

"வெலைக்குப் பரவாயில்ல," என்றாள். "பஞ்சு கருகறதுக்குள்ள குப்பியை மாத்து. நிமுத்தி வை. சார்ஜ் நேரம் சுத்தப் பொய். சிகரெட்டை விடறவன் வாங்கு, மத்தவன் காசை வீணாக்காதே. என்னை நம்பி வாங்காதே, நீயே பாரு."

சோதனை நாளன்று கைத்தடியோடு பஸ்ஸில் போனாள். மரிவிக் என்கிற நர்ஸ் கருவியை நீட்டி, மூச்சைப் பிடித்து மெதுவாக ஊதச் சொன்னாள். ஊதினாள். இரண்டு என்று எண் வந்தது, பச்சை விளக்கு. நர்ஸ் சிரித்தாள். நைரி சிரிக்கவில்லை. கருவியை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு நாள் குடிக்காம வந்து ஊதினாலும் இது பச்சைதானே காட்டும்?"

"காட்டும்," என்றாள் மரிவிக். "இதை ஏமாத்தலாம். நாங்க எலும்பை அறுத்து வைப்போம் பாருங்க, அப்புறம் அது கூடணும். அதை ஏமாத்த முடியாதும்மா."

நைரி கருவியைத் திருப்பிக் கொடுத்தாள். முப்பத்தோரு வருடத்தில் அவளுக்கு ஒரே தடவையில் பிடித்துப்போன ஆள் இவளாகத்தான் இருக்கும். மரிவிக் படிவத்தை எடுத்தாள். ஆறு வாரமாகப் புகை இல்லை, ஆமாம் அல்லது இல்லை. பச்சை விளக்கைப் பார்த்துவிட்டதால் கேட்கக்கூட இல்லை. பேனா 'ஆமாம்' கட்டத்தின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. நைரி அந்தப் பேனா முனையையே பார்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். புது மூட்டு, வரிசையில் தன் இடம், குழாயில் முட்டுக்கொடுக்காத இரண்டு கால்.

"எழுதாதே," என்றாள். "நாலு வாரம் மூணு நாள்தான். பதினஞ்சு நாள் நான்தான் வீணாக்கிட்டேன்."

பேனா நின்றது. மரிவிக் பேனாவைப் படிவத்தின் மேலேயே வைத்தாள். பிறகு, டாக்டரிடம் கேட்க வேண்டும், தேதி தள்ளிப் போகலாம், பட்டியலில் கீழேயும் போகலாம், தனக்குத் தெரியவில்லை என்றாள். பொய் சொல்லித் தேற்றவில்லை.

"போய்க் கேளு. நான் எங்க ஓடிடப் போறேன்."

நர்ஸின் காலடி நடைகூடத்தில் போய்த் தேய்ந்தது. நைரி சுவரோர நாற்காலியில் வலிக்கிற பக்கத்தை மெல்ல இறக்கி உட்கார்ந்தாள். கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. துணிக்குழாயில் வேப் நிமிர்ந்து நின்றது, அதை எடுக்கவில்லை. அதற்கும் அடியில் துழாவி, மூலை மடங்கிய ஒரு மஞ்சள் அட்டையை வெளியே எடுத்தாள். முழங்காலில் வைத்து நீவினாள். தன் கோட்டின் இரண்டாவது பொத்தானில் நூலைச் சுற்றி, இரட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டிவிட்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.