கீழே இறங்கிய முள்

1998 கோடைக்காலம். பெங்களூர் தொம்மலூரில் எங்கள் கார் ரிப்பேர் ஷெட்டிலிருந்து புறப்பட்ட அந்தக் காரில் மூன்று பேர் இருந்தோம். ஓட்டியது என் அண்ணன். இன்ஜின் வேலை அவனுடையது. பக்கத்தில் காரின் சொந்தக்காரர். பின்சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு நான். ஏழாவதோடு படிப்பை விட்டு வயரிங் வேலைக்கு வந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம்.

அது வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கார். இரண்டே கதவு, பயங்கர வேகம். அண்ணன் இன்ஜினைப் பிரித்துப் புதிதாகக் கட்டியிருந்தான். ஆனால் கொஞ்ச தூரம் ஓடினாலே டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டுக்குப் போனது. இப்படி வந்தால் எல்லா ஷெட்டிலும் ஒரே சண்டைதான். மீட்டர் பொய் சொல்கிறது என்பார் மெக்கானிக். இன்ஜின்தான் சுடுகிறது என்பார் எலெக்ட்ரீஷியன். எங்கள் ஷெட்டில் அந்த இருவரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள்.

புறப்படுவதற்கு முன் ஷெட்டிலேயே, இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சாரின் வயரைக் கழற்றினேன். முள் கீழே விழுந்தது. வயரை இன்ஜினில் தொடவைத்தேன், உச்சிக்குப் போனது. பக்கத்து டீக்கடையில் வெந்நீர் வாங்கி, சென்சாரை அதில் முக்கியும் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

"மீட்டர்ல தப்பில்லணா. இன்ஜின்தான் சூடாவுது. எங்கியோ தண்ணி போவுது" என்றேன்.

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. சொந்தக்காரர் அங்கேயே நின்றிருந்தார். வேலை நன்றாக இருந்தால் தன் நண்பர்களின் கார்களையும் எங்களிடமே அனுப்புவதாகச் சொல்லியிருந்தவர்.

"இவன் சைக்கிள்ல போனாகூட டெம்பரேச்சர் பாப்பான் சார். வாங்க, ஓசூர் ரோட்டுல அத்திபெலே வரைக்கும் ஓட்டிக் காட்டறேன்" என்றான் அண்ணன்.

எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டும்போது முள் சிவப்பைத் தொட்டது. அப்புறம் அது தானாகவே இறங்க ஆரம்பித்தது. நடுவுக்கு வந்தது. அதற்கும் கீழே போனது. சொந்தக்காரர் சிரித்துவிட்டார்.

"பாத்தியாடா, ஒன் வயருதான் லூசு" என்று அண்ணன் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினான்.

ஓடுகிற இன்ஜின் எப்படிக் குளிரும்? வெந்நீரிலிருந்து வெளியே எடுத்ததும் சென்சாரின் அளவு இறங்கியது ஞாபகம் வந்தது. அப்படியானால் இப்போது அதைச் சுற்றித் தண்ணீரே இல்லை. அண்ணன் தோளைப் பிடித்து உலுக்கி, நிறுத்தச் சொன்னேன்.

நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் திறந்தான்.

"கை வெக்காதணா, ஆறட்டும்."

"முள்ளே கீழ கெடக்கு, என்னடா ஆறணும்? தண்ணி இருக்கு, தொறந்து காட்டறேன் பாரு."

கைத்துணியை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகினான். மிச்சமிருந்த தண்ணீர் ஆவியும் கொதிப்புமாக அவன் முகத்தில் அடித்தது. அவன் கத்தவில்லை. சாலையோரம் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு, "சார்கிட்ட ஒன்னும் சொல்லாதடா" என்றான். சார் அவனுக்கு நேர் எதிரில்தான் நின்றிருந்தார்.

அவன் வலது கண்ணுக்குப் பார்வை திரும்பவேயில்லை. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. இப்போது நான்தான் வண்டி ஓட்டுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வருகிற அண்ணன், "முள்ளு எங்கடா நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். என் பயத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் இன்று அதே பயத்தோடு வருகிறான். அதில் எனக்கு ஒரு துளி நிம்மதியும் இல்லை.