பெரியப்பாவுக்குக் கிடைத்த பதக்கங்கள்

எங்கள் குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போனவர் பெரியம்மா. பெரியப்பா கருமத்தம்பட்டிப் பக்கத்தில் தறி ஓட்டியவர். இரண்டே வாக்கியம். சின்னக் குழந்தைக்குச் சொன்னால்கூட விளங்கிவிடும். எனக்கே பத்து வயதில் விளங்கியிருந்தது. ஆனால் இதை ஓர் அலுவலகத்துக்கு விளங்கவைத்து, விட்டுப்போன இரண்டு பதக்கங்களைத் தன் பணிப் பதிவில் ஏற்றி வாங்குவதற்குள் பெரியம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. எல்லாம் சரியாகி, விளிம்பில் அவர் பெயர் பொறித்த பதக்கங்கள் தபாலில் வந்து சேர்ந்தபோது நான் சரவணம்பட்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த நீண்ட கூத்தில் நான் கூடவே இருந்து பார்த்தது ஒரு பகுதிதான். அதை நினைத்தாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. நர்சிங் படித்துவிட்டு ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்ந்து, கேப்டன் ஆகி, பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பினார். கல்யாணம் அதற்கு அப்புறம்தான். ஆகவே பெரியப்பாவுக்கும் பட்டாளத்துக்கும் உள்ள ஒரே தொடர்பு, அங்கிருந்து வந்த ஒருவரைக் கட்டிக்கொண்டது மட்டுமே. தீபாவளிக்கு நாங்கள் வெடி வைக்கத் தொடங்கினால் தறிக் குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் மனிதர் அவர்.

பனி மலையில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் பெரியம்மா வேலை பார்த்த காலத்துக்காக அவருக்கு அந்த இரண்டு பதக்கங்களும் சேர வேண்டும். அதற்கான உத்தரவு வந்தபோது அவரை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். உத்தரவு பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. அதைப் பதிவில் ஏற்ற வேண்டியவர்கள் ஏற்றவில்லை. பதிவைப் பொறுத்தவரை பெரியம்மா அந்த மலைப் பக்கமே போகவில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல்தான் இருந்தார், ஊரில் கல் வைக்கும் பேச்சு வரும்வரை.

எல்லையில் பணியாற்றிய ஊர்க்காரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வைப்பதென்று முடிவாயிற்று. வேலையை முன்நின்று நடத்தியவர் முன்பு எப்போதோ ஊராட்சித் தலைவராக இருந்தவர். பதவி போன பிறகும் ஊரே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிட்டது. பெரியம்மா தன் பெயரைச் சொன்னதும் அவர் சங்கடப்பட்டார்.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தவீங்க. எல்லையில நின்னவீங்களோட எப்படிங்க அம்மணி சேக்கறது? ரெக்கார்டுல அந்தப் பதக்கம் இருந்தாக் காட்டுங்க, வெட்டிப்போடலாம். ரெக்கார்டுல இருக்கறத மட்டுந்தானுங்க வெட்டறது."

அன்றைக்குத்தான் பெரியம்மாவுக்கு ரோஷம் வந்தது. ஊசி போட்ட பொம்பளை என்று சொந்தபந்தமெல்லாம் சொன்னபோது வராத ரோஷம். நான் அங்கே இருந்தேன் என்பதை யாரோ ஒருவர் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல்.

நான் துடியலூரிலிருந்து பெரிய லீவுக்கு அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அந்தப் பதக்கம் எதற்காகக் கொடுத்தார்கள் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "அங்க இருந்ததுக்குக் கண்ணு" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. யாரையாவது சுட்டிருப்பார், குறைந்தபட்சம் துரத்தவாவது செய்திருப்பார் என்று நம்பியிருந்தேன். சும்மா இருந்ததற்கெல்லாமா பதக்கம் தருவார்கள்? பெரியப்பாதான் என்னைச் சமாதானப்படுத்தினார். அங்கே குளூக்கோஸ் பாட்டிலே உறைந்துபோகுமாம். பெரியம்மா அதைக் கோட்டுக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்து வைத்திருந்து, இளகிய பிறகுதான் அடிபட்ட பையன்களுக்கு ஏற்றுவாராம். சொல்லும்போது பெரியப்பா தன் வயிற்றைப் பிடித்துக் காட்டினார். எனக்கு அப்போதும் திருப்தி வரவில்லை.

மறுநாள் பெரியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்கு பஸ் ஏறினார். முன்னாள் ராணுவத்தினரின் காரியங்களைப் பார்க்கும் அலுவலகம் அது. உள்ளே நுழைந்ததும் எங்களைப் பார்த்த பியூன், யாரும் சொல்லாமலேயே கணவரை இழந்தவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் எங்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். கிளார்க் ரொம்பத் தங்கமான மனிதர்.

"வாங்கம்மா, உக்காருங்க. ஊட்டுக்காரரு எந்த ரெஜிமெண்ட்டுங்க?"

"நாந்தானுங்க இருந்தேன். ராணுவ ஆஸ்பத்திரியில."

"சரிங்கம்மா. சார் இருக்கறாருங்களா, தவறிட்டாருங்களா?"

"தறி ஓட்டிட்டு இருக்கறாருங்க."

"நல்லதுங்க. அப்ப அவரையே ஒரு நடை வரச் சொல்லிருங்க."

எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு மரியாதை இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு எதிராளியிடம் சண்டைகூடப் போட முடியாது. வாங்க என்பார்கள், டீ சாப்பிடுங்க என்பார்கள், பாப்பாவுக்கு பிஸ்கட் வாங்கித் தரட்டுங்களா என்பார்கள். காரியம் மட்டும் நடக்காது. பெரியம்மா தன் அடையாள அட்டையை எடுத்து வைத்தார். சீருடையில் இருந்த பழைய போட்டோவை வைத்தார். கிளார்க் அந்தப் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மேடம் சின்ன வயசுல நல்லா இருக்கறீங்க" என்றார். அதற்கு மேல் அந்தப் போட்டோவிலிருந்து அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வேறு வழியில்லாமல் அடுத்த தடவை பெரியப்பாவையும் அழைத்துப் போனோம். வெள்ளை வேட்டி சட்டையில் அவர் வாசலில் தெரிந்ததுமே கிளார்க் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி பெரியப்பாவுக்குப் போனது. எந்தப் பக்கம் சார் இருந்தீங்க, குளிரு எப்படிங்க என்றெல்லாம் விசாரணை. பெரியப்பா பாவம், எல்லாக் கேள்விக்கும் பெரியம்மாவைக் கை காட்டி, "இவுங்கதானுங்க போனது" என்றார். "ஊட்டுல மேடம்தான் ஆபீசருங்கறீங்க" என்று சொல்லி கிளார்க் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. பனியில் நின்றபோதுகூட அவர் முகம் அவ்வளவு இறுகியிருக்காது என்று நினைக்கிறேன்.

விண்ணப்பத்தில் கணவர் பெயருக்கு ஓர் இடம் இருந்தது. பெரியப்பாவையும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடச் சொன்ன இடத்தில் அவர் போட்டார். காகிதம் டெல்லிக்குப் போய்விட்டது, இனி கவலையில்லை என்று கிளார்க் சொன்னார். பெரியம்மா அன்றைக்கு எனக்கும் பெரியப்பாவுக்கும் ரவா தோசை வாங்கிக் கொடுத்தார்.

காலாண்டு லீவுக்கு நான் மறுபடியும் போயிருந்தபோது தலைவரே வீட்டுக்கு வந்து நல்ல சேதி சொன்னார். கோயமுத்தூருக்கு நேரில் போய் நகல் வாங்கி வந்துவிட்டாராம். பதக்கம் இரண்டும் பதிவில் ஏறிவிட்டதாம். கல்லும் வெட்டியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை திறப்பு என்றார். பெரியம்மா என்னை உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டார். அவர் கை வழக்கத்தைவிட மெதுவாக ஓடியது. பீரோவிலிருந்து ஒரு பட்டுப் புடவையை எடுத்து, இது வேண்டாம் என்று உள்ளே வைத்து, பிறகு அதையே கட்டிக்கொண்டார்.

துணியை விலக்கினார்கள். ஊரே கை தட்டியது. நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் கேப்டன் என்று இருந்தது. இரண்டு பதக்கங்களும் அச்சுப் பிசகாமல் இருந்தன. ஆள்தான் மாறியிருந்தது. அங்கே பெரியப்பாவின் பெயர் இருந்தது.

பெரியம்மா தலைவரைப் பார்த்தார். தலைவருக்கு அதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

"ரெக்கார்டுல அப்படித்தானுங்க வந்திருக்குது. ரெண்டு பேரும் ஒண்ணுதானுங்களே அம்மணி? அவரு பேரு இருந்தா என்ன, உங்க பேரு இருந்தா என்ன?"

இந்த மனிதருக்கு பெரியம்மாவைத் தெரியும். பெரியப்பாவையும் தெரியும். பெரியப்பா இந்த ஊரை விட்டுப் பழனிக்கு மேல் போனதில்லை என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் வெட்டினார். என்னிடம் மட்டும் அன்றைக்கு ஒரு சுத்தியல் இருந்திருந்தால் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. எங்கள் பெரியப்பா பெயர் கல்லில் இருக்கிறது என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஏன் இவர்கள் இரண்டு பேரும் இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள் என்று விளங்கவில்லை.

பெரியப்பாவை மேடைக்கு இழுத்துப் போய்ப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "நான் இல்லீங்க, அவுங்கதானுங்க" என்றார். மைக் கீச்சிட்டது. கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது. எவ்வளவு அடக்கமான மனுசன் பாருங்க என்று என் பின்னால் ஒரு அம்மா சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெரியப்பா அந்தப் பொன்னாடையைத் தோளில் போடாமல், கையில் வைத்துக்கொள்ளவும் முடியாமல் தவித்தார். பெரியம்மா திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் பால்காரர் வந்து, "ஏனுங்க, உங்கூட்டுக்காரரு அந்தக் கல்லுல அவரு பேரையே பூசி மூடிட்டு இருக்கறாருங்க" என்றார். நானும் பெரியம்மாவும் ஓடினோம்.

தறிக் குடோனில் தரை உடைந்ததற்கு வாங்கி வைத்திருந்த சிமெண்ட்டை ஒரு பழைய இரும்புச் சட்டியில் குழைத்து எடுத்துப் போயிருக்கிறார் பெரியப்பா. பூச்சுக் கரண்டி இல்லை. வெறும் கையால் அள்ளி, கடைசி வரியில் தன் பெயரை மட்டும் மூடி அப்பிக்கொண்டிருந்தார். கேப்டன் என்பதிலும் பதக்கங்களிலும் ஒரு பொட்டுச் சிமெண்ட் படவில்லை. தலைவர் பக்கத்தில் நின்று பதறிக்கொண்டிருந்தார். ஊர்ப் பொதுக் கல்லில் இப்படிக் கை வைக்கலாமா என்று கேட்டார்.

"என்ற பேருதானுங்களே பூசறேன்" என்றார் பெரியப்பா. "நான் அங்க இல்லீங்க."

வாழ்க்கையில் அவர் யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதைக்கூட ஏதோ வழி கேட்பது போலத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடியும் கல்லைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது. நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் பெரியம்மாவுக்கு இப்போதுதான் வெளியே வந்தது. பெரியப்பாவை வாசல் திண்டில் உட்காரவைத்து, கையிரண்டையும் தண்ணீரில் முக்கிக் கழுவிக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே வைதார். வெறுங்கையில் சிமெண்ட்டைத் தொட்டால் தோல் வெந்துபோகும் என்று தெரியாதா, இத்தனை வருஷம் ஒரு நர்ஸோடு குடித்தனம் செய்து என்ன கண்டீர்கள் என்றார். இனி அந்த அலுவலகத்துக்குத் தனியாகத்தான் போவேன், நீங்கள் வந்ததால்தான் எல்லா வினையும் என்றார். பெரியப்பா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டு நிற்கிற மாதிரி தெரியவில்லை. பெரியம்மாவின் குரல் உடைந்து உடைந்து வந்தது.

எனக்குப் பயமாகிவிட்டது. எங்கள் தெருவில் இப்படி ஒரு சண்டைக்குப் பிறகுதான் ஓர் அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போனார். மெதுவாக உள்ளே போய் பெரியம்மாவின் செல்போனை எடுத்துத் துடியலூருக்குப் போட்டேன். பெரியம்மா பெரியப்பாவைப் பயங்கரமாகத் திட்டுகிறார், சீக்கிரம் வந்து என்னைக் கூட்டிப் போங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். கல், பெயர், சிமெண்ட் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா இன்னொன்று கேட்டார்.

"அக்கா என்ன சொல்லி வையறாங்க கண்ணு?"

நான் கதவிடுக்கில் காதை வைத்து, கேட்டதை அப்படியே ஒப்பித்தேன்.

"பூசறதுதான் பூசுனீங்க, சமமாப் பூசக் கூடாதுங்களாங்கறாங்க. எங்கப்பன் ஆத்தாகூட எனக்காக ஒரு வார்த்தை கேட்டதில்ல, கூடப் பொறந்தவீங்களும் கேட்டதில்ல, உங்களை யாருங்க கேக்கச் சொன்னதுங்கறாங்க."

அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் நினைத்ததைவிடப் பெரிய சண்டைதான் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, போனை வைத்துவிட்டு என் துணிமணிகளைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தேன்.