இழுக்க வேண்டிய மருந்து

புது மருந்தை எப்படி எடுக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதும், பனவடலிசத்திரத்து அக்கா என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சின்னக் கருவியில் போட்டு மூச்சோடு இழுக்க வேண்டிய பொடி கேப்சூலை வாயில் போட்டு விழுங்கினார். ஒரு மாதமாக அப்படித்தான் விழுங்கியிருக்கிறார். சங்கரன்கோவிலில் டாக்டரம்மாவின் கிளினிக்கில் நர்ஸ் நான். கூட்டத்தைச் சாக்கு வைத்து, செய்து காட்டாமல் டப்பாவை அவர் கையில் திணித்து அனுப்பியவளும் நான்தான்.

அதுவரை ஆஸ்துமாவுக்கு அவர் வாய்க்குள் ஸ்ப்ரேதான் அடித்துக்கொண்டிருந்தார். அதில் மருந்தைத் தள்ளுகிற வாயு பூமியைச் சூடாக்கி மழையையும் கெடுக்கிறது, பொடியில் அந்த வாயு இல்லை, மாற்றிப் பார்ப்போமா என்று டாக்டரம்மா கேட்டபோது அக்கா முறைத்தார். "மழையை நம்பி உளுந்து விதைக்கிறவ நான். இம்புட்டு நாளும் ஏன் சொல்லல?" என்றார். பொடிக்கு மாறுவது என்று முடிவெடுத்தது அவரேதான்.

இப்போது இரண்டு எட்டு வைத்தாலே அவருக்கு இளைப்பு. களையெடுக்கப் போய் மூன்று வாரமாயிற்றாம். டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. நெபுலைசர் வைத்து மூச்சு சீரான பிறகு, பழைய ஸ்ப்ரேக்கே போய்விடுவோம் என்றார். அக்கா விடவில்லை.

"சொல்லிக் குடுக்காம விட்டது நீங்க. முடியாதவங்கிற பேரு எனக்கா? இப்பம் சொல்லிக் குடுங்க, இழுத்துக் காட்டுதேன்."

நான் செய்து காட்டினேன். முதல் இரண்டு முறை இழுத்தபோது இருமினார். மூன்றாம் முறை, கருவிக்குள் கேப்சூல் கடகடவென்று சுழலும்படி இழுத்தார். டாக்டரம்மா அத்தோடு விடவில்லை. "திடீர்னு இளைப்பு வந்தா இப்படி இழுக்க முடியுமா?" என்று கேட்டார். அக்கா கருவியைக் கீழே வைத்தார். "அப்ப முடியாது. அதுக்கு மட்டும் பழசு ஒண்ணு மடியில கெடக்கட்டும்." தினமும் பொடி, அவசரத்துக்கு ஸ்ப்ரே என்று மூவருமாகப் பேசி முடித்தோம். பத்து நாளில் அவர் களையெடுக்கப் போய்விட்டார்.

என் எதிரில் இழுத்துக் காட்டாத யாருக்கும் நான் இப்போது டப்பா கொடுப்பதில்லை. வரிசையில் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். போன வாரம் அக்கா, அதே இளைப்பு உள்ள தன் மதினியைக் கூட்டிவந்தார். பொடி மருந்துச் சீட்டோடு கிளம்பப்போன மதினியைக் கையைப் பிடித்து நிறுத்தி என் முன்னால் உட்கார வைத்தார்.

"இந்த சிஸ்டர்கிட்ட கத்துக்கிட்டுப் போங்க மதினி. இவங்க சொல்லிக் குடுத்தா தப்பே வராது."

கிண்டல்தான் என்று நினைத்து அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.