புளியந்தோப்பில் போட்ட பனி

பனிக்குள் இறங்கும் வெயில் கதிரைப் படமெடுக்க, போன மார்கழியில் எங்கள் கேமராக் குழு ஆறு பேர் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் போனோம். வழியில் ஒரு டீக்கடையில், யாருடைய லென்ஸ் உசத்தி என்று சண்டை போட்டே ஒரு மணி நேரத்தைத் தொலைத்தோம். புளியந்தோப்பை அடைந்தபோது பனி சுத்தமாகக் கலைந்து, வெயில் சுள்ளென்று அடித்தது.

வெறுங்கையோடு திரும்ப எங்கள் கௌரவம் இடங்கொடுக்குமா? சருகைக் கூட்டிக் கொளுத்தி, மேலே ஈர வைக்கோலைப் போட்டோம். புகை எழும்பியது. கிளைகளுக்கிடையே கதிர்கள், சொல்லிவைத்தாற்போல் விழுந்தன. அந்த வழியாகப் புல்லுக்கட்டோடு வந்த ஓர் அம்மாவை, எங்கள் குழுத் தலைவர் புகைக்குள் மூன்று முறை நடக்கவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் இருமினார்.

"பனி வேணும்னா வெள்ளன வந்திருக்கணுங்க. இப்ப எதுக்குங்க இந்தப் பொகை?" என்று கேட்டார்.

"பேசாதீங்கம்மா, போட்டோவுல வாய் அசையும்" என்றார் தலைவர்.

அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. 'பனியில் நடுங்கும் தாய்' என்று அதற்குத் தலைப்பு வைத்த மேதாவி நான்தான்.