ஏற்றத்தில் தடுமாறிய கியர்பாக்ஸ்

நகரின் ஓரத்தில், ஸ்டோவ்னரிலிருந்து வெஸ்ட்லிக்கு ஏறும் வீதியில் ஒரு லொறி பாதியில் நிற்கிறது என்று எங்கள் கராஜுக்கு அழைப்பு வந்தது. நான் போனபோது லொறிக்குப் பின்னால் ஒரு பஸ்ஸும் நகர வழியில்லாமல் நின்றது. லொறிக்குள் வசந்தி இருந்தார். முதியோர் இல்லங்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் ஓட்டுநர். அவர் கை இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை.

"அண்ணை, ஏறேக்கை கியர் கண்டபடி மாறி மாறி விழுந்துது. பிறகு ஒண்டிலையே இறுகிப்போச்சு. பின்னாலை பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளையள்."

எஞ்சினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். ஒன்றுமே நடக்காததுபோல லொறி ஏறியது. இப்படி ஒளித்து விளையாடும் பழுதுதான் மெக்கானிக்கின் உயிரை வாங்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகள் அவை. நான் கண்ட லொறிகளில் பெரும்பாலானவை கிளச் மிதித்து ஓடுபவை. வசந்தியின் பழைய லொறியில் ஓட்டோமற்றிக் கியர்பாக்ஸ் இருந்தது. சிறுவயதில் வந்த போலியோவால் அவருடைய இடது காலில் பலமில்லை. ஓட்டோமற்றிக் மட்டும் ஓடலாம் என்றுதான் லைசென்ஸும் கொடுத்திருந்தார்கள். அந்த லொறி போனால் அவருக்கு ஓட வேறு லொறி இல்லை.

பழுதைக் காட்டும் கராஜ் கொம்பியூட்டரை லொறியில் பூட்டிப் பார்த்தேன். கியர்பாக்ஸின் வேகத்தை அளக்கும் சென்சரிலிருந்து தகவல் வரவில்லை என்றது. அந்தத் தகவல் இல்லாவிட்டால் எப்போது கியர் மாற்றுவதென்று கியர்பாக்ஸுக்குத் தெரியாது. புதிய சென்சர் போட்டு அனுப்பினேன். அடுத்த வாரமே அதே ஏற்றத்தில் அதே கதை.

அத்துடன் நிறுவனத்தின் மனேஜர் பொறுமை இழந்துவிட்டார். லொறியைக் கழித்துவிட்டு கிளச் உள்ள ஒன்றை வாங்கப் போவதாகச் சொன்னார். வசந்தியைத் துணி மடிக்கும் பகுதிக்கு மாற்றுவதாக ஏற்பாடு.

"மடிக்கிறது குறைஞ்ச வேலையெண்டு நான் சொல்லேல்லை, அண்ணை," என்றார் வசந்தி. "ஆனா நான் இவ்வளவு பாடுபட்டு லைசென்ஸ் எடுத்தது ஓடுறதுக்குத்தானே?"

எனக்கு கியர்பாக்ஸ் முடிந்துவிட்டது என்று படவில்லை. ஒயிலை எடுத்துப் பார்த்திருந்தேன். சிவப்பாக, தெளிவாக இருந்தது. உள்ளே தட்டுகள் தேய்ந்து எரிந்திருந்தால் ஒயில் கறுத்துக் கருகல் மணம் வரும். எங்கள் கராஜ் முதலாளி அர்னேயிடம் இன்னொரு தடவை பார்க்கக் கேட்டேன்.

"பார்," என்றார் அவர். "ஆனால் 'இப்போது நன்றாக ஓடுகிறது' என்று சொல்லி அவளை அந்த ஏற்றத்துக்கு அனுப்பாதே. காரணத்தை என் கண்ணுக்குக் காட்டு."

நியாயமான பேச்சு. பஸ்ஸுக்குள் இருந்த பிள்ளைகளை நானும் மறக்கவில்லை.

இந்தமுறை வசந்தியை ஓடச் சொல்லிவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். சமதரையில் ஒரு குறையும் இல்லை.

"ஏத்தத்திலை மட்டும்தானே வாறது?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. வேகத்தடையிலை ஏறேக்கையும் ஒரு உதறல் இருக்கு. என்ரை முதுகு சீற்றிலை அமத்துப்படேக்கைதான் வரும்."

"முதுகோ?"

"ஓம். கேபின் பின்னுக்குச் சரியுமெல்லே, அப்ப."

அந்த வகை லொறியில் கேபின் எஞ்சினுக்கு மேலே, ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸிலிருந்து கேபினுக்குள் இருந்து கியரை மாற்றும் லொறியின் கொம்பியூட்டருக்குப் போகும் வயர்கள், முன்பக்கக் கீல் அருகே வளைந்து மேலே ஏறும். பழுது பார்க்கும்போதெல்லாம் கேபினை முன்னால் கவிழ்த்துவிட்டுத்தான் நாங்கள் வயரைச் சோதிப்போம். அப்போது வயர் மற்றப் பக்கமாக மடங்கியிருக்கும். ஓடும்போது எப்படி இருக்குமோ அப்படி நான் அதைச் சோதித்ததே இல்லை.

கராஜுக்குத் திரும்பியதும் கேபினைக் கவிழ்க்காமல், முன்பக்கமாகக் கீழே நுழைந்து படுத்தேன். சென்சர் வயரில் மல்ரிமீற்றரைப் பூட்டினேன். இணைப்புச் சரியாக இருந்ததால் அது விடாமல் கூவிக்கொண்டிருந்தது. அர்னே முன்னால் நின்று கேபினைத் தோளால் பின்னுக்குத் தள்ளினார்.

"சத்தம் நிண்டிட்டுது!" என்று கத்தினார் வசந்தி.

அர்னே கையை எடுத்தார். மறுபடி கூவியது. தள்ளினார், நின்றது. அவருக்கு நான் மேற்கொண்டு எதையும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

வயரின் உறையைக் கீறிப் பார்த்தோம். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாத வயருக்குள், குளிர்காலத்தில் பனி உருக வீதிக்குப் போடும் உப்பு இணைப்பு முனை வழியாக இறங்கி, செம்பு பச்சையாகிப் பொடிந்திருந்தது. அறுந்த இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. கேபின் சரிந்தால் விலகும், நிமிர்ந்தால் ஒட்டும். வயர்க்கட்டு முழுவதையும் மாற்றி, இழுபடாதபடி நீளம் விட்டுக் கட்டினேன்.

பிறகு துணி மூட்டைகளை நிறைய ஏற்றிக்கொண்டு வெஸ்ட்லிக்குப் போனோம். கியர் ஒவ்வொன்றும் விழவேண்டிய இடத்தில் விழுந்தது. மேலே சுரங்கரயில் முடியும் இடத்தில் வசந்தி லொறியைத் திருப்பினார். "சரிதானே?" என்றேன்.

"இன்னொருக்கா ஏறிப் பாப்பம், அண்ணை," என்றார். இரண்டாவது தடவையும் ஏறியபிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

கழிக்கும் பேச்சு அடங்கியது. சில வருடங்கள் கழித்து அந்த நிறுவனம் புதிய லொறி வாங்கியது. அதற்குள் ஓட்டோமற்றிக் லொறிகள் பரவலாகிவிட்டன. புதியதையும் வசந்திதான் ஓடினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்பானரை எடுக்குமுன் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்காருங்கள். என்ன பழுது என்று அவரிடம் கேட்காதீர்கள், அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. அது வரும்போது உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.