கோடிச் சேலையில் நீந்திய அம்மா

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அம்மாவுக்காக இரண்டு முறை அழுதவர்கள். முதல் முறை அழுதது வீண். அந்தக் கதை தெரியாத நண்பர்களும் இருக்கிறார்கள், விவரமாக எழுது என்றார் அண்ணன். அன்றைக்கு முதலில் போய்ச் சேர்ந்தவள் நான் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

அம்மா பிறந்தது மல்லசமுத்திரத்தை ஒட்டிய ஒரு தோட்டத்தில். மூத்த பெண். அவருக்குப் பின் ஒரே தம்பி, எங்கள் மாமா. இருவரும் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். "உங்கம்மா மேட்டுல இருந்து குதிச்சாங்கன்னா கெணத்துத் தவளையெல்லாம் வெளிய ஏறி உக்காந்துக்கும்" என்று மாமா எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

எருமப்பட்டிப் பக்கம் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும் நீச்சல் நின்றுபோனது. மருமகள் கிணற்றில் குதிப்பதா என்று மாமியார் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வைக்கும் அளவுக்கு அம்மா விடவும் இல்லை. பிறகு நினைத்துப் பார்க்க ஏது நேரம்? அப்பா மாடு பூட்டி நீர் இறைத்தால் அம்மா மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி மடை மாற்றுவார். மழை பொய்த்த வருடங்களில் கம்பும் சோளமும் கைவிட்டபோது, எருமைப் பாலை விற்று எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். வீட்டில் கஷ்டம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டார். அப்பா காலமானபோது அண்ணன் சேலத்தில் கடை வைத்திருந்தார், நான் நாமக்கல்லில் குடித்தனத்தில் இருந்தேன். நிலத்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்குப் பார்த்துக்கொள்ள, அம்மா தனியாகத் தோட்டத்திலேயே இருந்தார்.

எழுபத்தைந்து வயதைத் தாண்டியதும் அம்மாவுக்கு முழங்கால் வீங்க ஆரம்பித்தது. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. யாராவது வந்து இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டும். "நின்னுக்கிட்டே தூங்கறதுக்கு நான் என்ன குதிரையா?" என்பார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் உள்ளுக்குள் பயந்துபோயிருந்தார்.

அண்ணன் அப்போதுதான் சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் இடத்தில் வீடு கட்டியிருந்தார். அம்மாவுக்கென்றே கீழே ஓர் அறை. தீபாவளிக்கு வந்தவர் கையோடு அழைத்துப் போவதாக நின்றார்.

"ஏனுங்கம்மா, இந்தக் காலை வெச்சுக்கிட்டுத் தனியா எதுக்குங்க இங்க? என்ற ஊட்டுக்கு வந்து ராணியாட்டம் உக்காருங்க."

"உக்கார்றதுதான் சாமி இப்ப எனக்குக் கஷ்டமே."

"நான் தூக்கிவிடறனுங்க."

"ஒரு நா தூக்குவ, ரெண்டு நா தூக்குவ. அப்பறம் நானே எந்திரிக்கோணும்னு நெனைக்க மாட்டேன். உக்காந்தவ உக்காந்தவதான்."

கடைசியில் அம்மா ஒரு தவணை கேட்டார். பங்குனி முடியும்வரை விட வேண்டும். அதற்குள் யார் கையும் பிடிக்காமல் தரையிலிருந்து எழ முடியாவிட்டால் அவரே மூட்டையைக் கட்டிக்கொண்டு சேலம் வண்டி ஏறிவிடுவார். அண்ணன் ஒத்துக்கொண்டார். அவருக்கு வெற்றி நிச்சயம் என்று தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நாமக்கல்லில் நான் அழைத்துப்போன டாக்டர், முழங்காலில் பாரம் ஏற்றாதீர்கள், ஆனால் காலைச் சும்மாவும் வைக்காதீர்கள், நன்றாக ஆட்டிக்கொண்டே இருங்கள் என்றார். "பாரம் இல்லாம எப்படிங்க ஆட்டறது, காத்துல தொங்கிக்கிட்டா?" என்று அம்மா கேட்க, டாக்டரே சிரித்துவிட்டார். அடுத்த வாரம் போனால் மாட்டுக்கொட்டகைக் கூரையில் காய்ந்துகொண்டிருந்த சுரைக்காய்களைக் காணோம். குடுக்கையாக்கி முதுகில் கட்டிக்கொண்டு அம்மா கிணற்றில் இறங்கிவிட்டிருந்தார்.

ஐப்பசி மழையில் கிணறு மேல்படி வரை நிறைந்திருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, தண்ணீர் வந்ததும் வழுக்கிக்கொண்டு போய்விடுவார். தண்ணீருக்குள் முழங்கால் வலிக்கவில்லை. தவளை மாதிரி மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, சுவரோரமாகச் சுற்றி வருவார். தையில் தண்ணீர் இறங்கியது, அம்மாவும் கூடுதலாகச் சில படிகள் இறங்கி ஏற வேண்டி வந்தது. மாசியில் இன்னும் சில படிகள். வீக்கம் வடிந்ததைவிட அம்மா முகத்தில் வந்த தெளிச்சிதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அண்ணனிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவிடமும் சொல்லவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது. ஒரு நாள் காலையில் மோட்டார் போட வந்தவர் கிணற்று மேட்டில் அம்மாவின் செருப்பையும் ஊன்றுகோலையும் மாற்றிக்கொள்ள மடித்து வைத்த சேலையையும் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தால், வெள்ளைச் சேலையோடு அம்மா மல்லாக்க மிதக்கிறார், முதுகுக் குடுக்கை தண்ணீருக்குள் மறைந்திருக்கிறது, கண் மூடியிருக்கிறது. கூப்பிட்டார், அசைவில்லை. காது இரண்டும் தண்ணீருக்குள் இருந்தால் எப்படிக் கேட்கும்? எங்கள் பக்கத்தில் வயதான பெண் தனியாகக் கிணற்றுக்குப் போனாள் என்றால் ஜனங்கள் நினைப்பது ஒன்றுதான்.

பெரியப்பா ரோட்டுக்கு ஓடினார். திருச்செங்கோட்டுப் பக்கம் போகும் லாரி ஒன்றை மறித்து, அம்மா போய்விட்டார் என்று மல்லசமுத்திரத்தில் மாமாவுக்குக் கேதம் சொல்லியனுப்பினார். போகிற வழியில் லாரி நாமக்கல்லில் இறக்கிவிட்ட வார்த்தை என்னையும் எட்டியது; அண்ணன் கடைக்குத் தகவல் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆள் திரட்டிக்கொண்டு அவர் கிணற்றுக்குத் திரும்பியபோது அம்மா படியில் உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க, இத்தனை பேரு? மோட்டார் கெட்டுப்போச்சுங்களா?"

லாரி போயே போய்விட்டது. நான் அழுது வீங்கிய முகத்தோடு போய் இறங்கினால், அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். "வந்துட்டியா கண்ணு? எழவுன்னு வர்றவங்க பச்சைத் தண்ணி குடிக்காம வருவாங்க. பெரிய குண்டாவை எடு, ஒலை வெக்கோணும்." எனக்கு அழுகை நிற்கவும் இல்லை, சிரிப்பு அடங்கவும் இல்லை. அரிசியைக் கழுவினேன்.

மதியத்துக்கு மேல் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தலைவிரி கோலமாக ஒப்பாரியைத் தொடங்கியபடி வாசலுக்கு வந்த பெண்கள், அம்மாவே எதிரே வந்து "வாங்க" என்றதும் பாதிப் பாட்டில் நின்றார்கள். பெரியப்பா யார் முகத்தையும் பார்க்க முடியாமல் மாட்டுக்கொட்டகையிலேயே இருந்தார். கடைசியில் மாமா வந்தார். இறந்தவருக்குப் பிறந்த வீட்டார் போட வேண்டிய கோடிச் சேலை அவர் அக்குளில் இருந்தது. அக்காவைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அம்மாவும் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து தோளைத் தட்டிக்கொடுத்தார். சேலையை என்ன செய்வது என்று ஒருவருக்கும் புரியவில்லை. கோடி என்று எடுத்ததைத் திருப்பிக் கொண்டுபோவது ஆகாது. உயிரோடு இருப்பவருக்குக் கொடுப்பதும் ஆகாது.

"குடு தம்பி" என்றார் அம்மா. "செத்ததுக்கப்பறம் போத்துனா எனக்கென்ன தெரியப் போகுது? நல்ல நூலு. நீச்சலுக்குக் கட்டிக்கறேன்."

அந்த நேரத்தில்தான் டாக்ஸியில் அண்ணன் வந்து இறங்கினார். நடந்ததைக் கேட்டதும் அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. "போதுமுங்க. பங்குனியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இப்பவே வண்டியில ஏறுங்க" என்று அம்மாவைத் தூக்கக் குனிந்தார்.

"தொடாத சாமி" என்றார் அம்மா.

ஒரு கையில் கோடிச் சேலை. மறு கையைத் தன் தொடைமேல் வைத்தார். ஒரு காலை மடக்கி ஊன்றினார். எழுந்து நின்றார். யாரையும் பிடிக்கவில்லை, சுவரைத் தொடவில்லை. குனிந்திருந்த அண்ணன் நிமிர்ந்து, "சோறு ஆயிடுச்சுங்களா?" என்று கேட்டார். அன்று எழவுக்கு வந்த அத்தனை பேரும் வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு அம்மா எண்பது வயதுக்குப் பிறகும் வெகுகாலம் தோட்டத்திலேயே வாழ்ந்தார். தனியாகக் கிணற்றில் இறங்குவதில்லை என்று அண்ணனுக்கு வாக்குக் கொடுத்ததால், பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மாவையும் மூட்டுவலிக்காரப் பெண்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டார். எல்லோர் முதுகிலும் சுரைக்குடுக்கை. மேட்டில் பெரியப்பா காவல் இருப்பார், கிணற்றுக்கு முதுகைக் காட்டியபடி. மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டு, தன் எருமையைத் தானே கறந்து, சொந்தக்காரர் விசேஷம் எதையும் விடாமல் பேருந்தேறிப் போய் வந்தார். அந்தக் கோடிச் சேலை தண்ணீரில் ஊறி ஊறி நைந்து கரித்துணியாகும்வரை உழைத்தது.

அம்மாவின் இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், இரண்டாம் முறையும் கோடி எடுத்து வந்த மாமாவுக்கும், இரவும் பகலும் உடனிருந்த பெரியம்மாவுக்கும், செய்தி சொல்லும் முன் நாடியை நன்றாகப் பிடித்துப் பார்த்த பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணனுக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அம்மாவுக்கென்று கட்டிய கீழறையை அவர் இத்தனை காலமும் வேறு எதற்கும் கொடுக்கவில்லை. தோட்டத்துக்கு வரும்போதெல்லாம், அம்மா எழும்போது கைநீட்டப் போய், நினைவு வந்து பின்னுக்கு இழுத்துக்கொள்வார். அம்மா அதைப் பார்க்காதவர் மாதிரி இருப்பார். சென்ற மார்கழியில் காய்ச்சல் கண்டு அம்மா படுத்தபோது கடையை அடைத்துவிட்டு வந்துவிட்டார். ஒரு காலையில் அம்மாவுக்கு வெயிலில் இருக்க வேண்டும் போலிருந்தது. கால் எழவில்லை. அண்ணன் கட்டிலருகே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து இரண்டு கையையும் நீட்டினார்.

"ரொம்ப நாளா ஆசைப்பட்டயே. இப்பத் தூக்கு சாமி."

அண்ணன் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெயில் நன்றாக ஏறும்வரை கையிலேயே வைத்திருந்தார். இறக்கிவிடு என்று அம்மா சொல்லவில்லை.